ரம்பத்தின் கதை – 9: புழுவின் தாடை

விறகு வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸின் கை சட்டென்று நின்றது என்று சென்ற வாரம் முடித்திருந்தோம். ஆண்டு 1946. இடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம். அவர் கண்ணில் பட்டது ஆள்காட்டி விரல் அளவுள்ள ஒரு வண்டுப்புழு. அடிக்கட்டை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தது.

காக்ஸுக்கு மரம் அறுப்பதே தொழில். அன்றைய செயின் ரம்பத்தின் பற்கள் பழைய கை ரம்பத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை. மரத்தைச் சுரண்டும், சீக்கிரம் மழுங்கும், கொஞ்ச நேரம் அறுத்தால் அரத்தோடு உட்கார வேண்டும். புழுவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. மரத்தின் நார் ஓடும் போக்கிலும் போனது, குறுக்கேயும் போனது. காக்ஸ் அதன் தாடையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். வளைந்த இரண்டு கொக்கிகள், இடப்பக்கம் ஒரு சீவல், வலப்பக்கம் ஒரு சீவல். அதையே எஃகில் செய்தார். ஒரு பல் இடப்பக்கம் சீவும், அடுத்தது வலப்பக்கம் சீவும். 1947-ல் போர்ட்லாண்டில் தன் வீட்டின் நிலவறையிலிருந்து அந்தச் செயினை விற்கத் தொடங்கினார்.

இன்றைக்குப் பண்ணைப்புரத்துத் தோப்பில் பட்டுப்போன தென்னையைச் சாய்க்க வரும் மிஷினின் செயினை வாங்கிப் பாருங்கள். அடிப்படையில் அதே பல்தான்.

அதனால்தான் பழைய மிஷினா புதிய மிஷினா என்ற வழக்கு எழும்போதெல்லாம், அரம் கடைசியாக எப்போது பட்டது என்று நான் முதலில் கேட்பேன். அதுவும் தென்னைக்கு அவசியம் கேட்க வேண்டும். புளியிலும் தேக்கிலும் வைரம் நடுவில் இருக்கும். தென்னையில் அது வெளிச்சுற்றில் இருக்கிறது, உள்ளே சோறு. இந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் தொல்காப்பியம் புறத்தே வைரம் கொண்டவற்றை மரம் என்று சொல்லாமல் புல் என்று வகுத்தது. இன்றைய தாவரவியலும் தென்னையைப் புல்லுக்கு உறவாகத்தான் வைக்கிறது. அந்த வெளிச்சுற்றில் மணல் போன்ற சிலிக்காத் துகள்களும் உண்டு. தென்னை அறுத்த செயின் சீக்கிரம் மழுங்க இவ்விரண்டுமே காரணம்.

பல் கிடைத்துவிட்டது, ஆனால் அதைத் தூக்குவது யார்? 1927-ல் ஜெர்மனியின் டோல்மார் மலையில் எமில் லெர்ப் சோதித்த பெட்ரோல் ரம்பம் 58 கிலோ. 1929-ல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் கொண்டுவந்தது 46 கிலோ. இரண்டுக்குமே இரண்டு ஆள் வேண்டும். 1950-ல் ஸ்டீல் நிறுவனம் ஒற்றை ஆள் பிடிக்கும் ரம்பத்தை 16 கிலோவில் தந்தது. 1959-ல் வந்த ‘கான்ட்ரா’ 12 கிலோதான். இன்று தோப்பு வேலைக்கு வரும் மிஷின் பெரும்பாலும் அதில் பாதி எடைகூட இருக்காது.

பழையதன் பக்கம் பேசுகிறவர்களிடம் வலுவான நியாயம் உண்டு. ஒரு திருப்புளி போதும். என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பிச் சரிசெய்துவிடலாம். 2019-ல் எரிபொருளை மின்னணுவால் அளந்து பீய்ச்சும் ரம்பமே வந்துவிட்டது. அது நின்றுபோனால் கணினியோடு ஒருவர் வர வேண்டும். நடுக்காட்டில் அவருக்கு எங்கே போவது?

ஆனால் நம் பள்ளத்தாக்கு ஆட்களுக்கு இதில் மறுபக்கமும் இருக்கிறது. கீழே ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் திருகு வைத்த மிஷினை ஜீப்பில் ஏற்றி, 1,500 மீட்டர் உயரத்து மேகமலைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அங்கே காற்று மெலிசு. அதே திருகு இப்போது பெட்ரோலை மிகுதியாக விடும். என்ஜின் திணறும், புகை கக்கும். தானே அளவு மாற்றிக்கொள்ளும் புதிய மிஷினுக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது பிடித்திருக்கும் கை. பழைய மிஷினின் அதிர்வு நேராக எலும்புக்குள் இறங்கும். ஆண்டுக்கணக்கில் அதைப் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் ரத்தம் ஓடாமல் வெளுத்து மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைப் போடக்கூட முடியாமல் அவதிப்பட்டவர்கள் உண்டு. 1960-களின் நடுவில் கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் ரப்பர் வந்தது. பின்லாந்தின் சுவோமுஸ்ஸால்மி பகுதி மரவெட்டிகளை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 1972-ல் நூற்றுக்கு 40 பேருக்கு இந்த விரல் நோய் இருந்தது. 1990-ல் 5 பேருக்கு. காரணம், அதிர்வு குறைந்த ரம்பங்கள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, ரப்பர் இல்லாத பழைய மிஷினை எவ்வளவு உழைத்தாலும் சிறந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை வீட்டில் வைத்துப் போற்றுங்கள். கூலிக்கு வருகிறவர் கையில் கொடுக்காதீர்கள்.

அதிர்வு அடங்கியது, எடை குறைந்தது. ஆனால் அந்த ரப்பரால் தடுக்க முடியாத ஒன்று மீதமிருந்தது.

ரம்பத்தின் நுனியில், மேல் கால்பாகம் என்று ஒரு சிறு இடம் உண்டு. இலவ மரத்தின் கவட்டில் கால் ஊன்றி ஒருவர் கிளை கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செயின் முழு வேகத்தில் ஓடுகிறது. இலை மறைவில் இன்னொரு கிளை நீட்டிக்கொண்டிருப்பதை அவர் பார்க்கவில்லை. நுனியின் அந்தக் கால்பாகம் அதில் உரசுகிறது. பல் மரத்துக்குள் இறங்கவில்லை. ரம்பம் துள்ளி, அவர் முகத்தை நோக்கித் திரும்புகிறது. கண் இமைப்பதற்கும் நேரமில்லை. விசையை விட்டாலும் செயின் உடனே நிற்காது.

அந்த இடைவெளிக்குள் அதை நிறுத்தியது எது?

(அடுத்த வாரம்)