நற்சான்றிதழ் பெற்ற நோயாளிகள்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், மேக்கன் என்றொரு மாவட்டம் உண்டு. பருத்தி விளைந்த மண். 1958ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த கறுப்பின உழவர் பலருக்கு அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஒரு நற்சான்றிதழை வழங்கியது. 25 ஆண்டுகள் மருத்துவ ஆய்வொன்றில் பங்குகொண்டமைக்காகப் பாராட்டு என்று அதில் கண்டிருந்தது. துறையின் தலைமை மருத்துவ அதிகாரி கையொப்பமிட்டிருந்தார். ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் 25 டாலரும் கையில் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்களுள் எழுத்தறியாதோர் பலர். எந்த ஆய்வில் தாம் பங்குகொண்டோம் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

நமது கழகத்தின் வெள்ளிவிழா மலருக்கு எழுத அமர்ந்தபோது, இந்த இன்னொரு வெள்ளிவிழா என் நினைவில் எழுந்தது. சான்றிதழ் என்னும் சொல்லை நம் மக்கள் எத்துணை மதிப்போடு உச்சரிக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். ஆகவே இச்சான்றிதழின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைக்கும் இந்தியத் தீண்டப்படாதோர் நிலைக்கும் மிகுந்த ஒப்புமை உண்டு என்று, 1946இல் அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் அண்ணல் அம்பேத்கர் குறிப்பிட்டார். அக்கடிதம் கடல் கடந்து சென்ற அதே ஆண்டில், மேக்கன் மாவட்டத்து ஆய்வு தொடங்கி 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்த பின்னரும் அம்மாவட்டத்துக் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுது, கடனிலே பிறந்து கடனிலே மாண்டனர். மருத்துவரைக் காணும் வாய்ப்பே அரிது. 1930ஆம் ஆண்டையொட்டி, ரோசன்வால்டு அறநிதியின் துணையோடு அங்கு இரத்தப் பரிசோதனை நடந்தபோது, சிபிலிஸ் என்னும் மேகநோய் மூவரில் ஒருவருக்கு மேல் பற்றியிருப்பது தெரியவந்தது. மருந்தும் கொடுக்கத் தொடங்கினர். அதற்குள் உலகப் பொருளாதார வீழ்ச்சி குறுக்கிட்டது. பணம் நின்றது, நோய் நின்றபாடில்லை.

இந்நிலையில்தான் சுகாதாரத் துறையைச் சேர்ந்த டாலியஃபெரோ கிளார்க் என்னும் மருத்துவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மருந்து கொடுக்க வழியில்லையெனில், மருந்தின்றி இந்நோய் கறுப்பின ஆணின் உடலை எவ்வாறு அரிக்கிறது என்று பார்க்கலாமே என்பது அது. சில மாதங்களில் முடிய வேண்டிய இந்த ஆய்வு 1932இல் தொடங்கியது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற வாண்டர்லேர் அதனை நோயாளியின் சாவு வரை நீட்டித்தார். நோயுற்றோர் 399 பேர், நோயற்றோர் 201 பேர், ஆக 600 பேர் கணக்கில் சேர்க்கப்பட்டனர். உங்களுக்குக் கெட்ட இரத்தம் இருக்கிறது, அரசு இலவசமாக வைத்தியம் செய்கிறது என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்த வேதனை மிகுந்த சோதனையைக்கூடச் 'சிறப்புச் சிகிச்சை' என்று கடிதம் எழுதியே அழைத்தனர். தொடக்கத்தில் பெயருக்குச் சிறிது மருந்து தரப்பட்டது; பின்னர் கிடைத்தவை தலைவலி மாத்திரையும் இரும்புச் சத்து டானிக்கும்.

இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தால்தான் ஆய்வு முழுமை பெறும். அதற்காக அடக்கச் செலவுக்குப் பணம் தருவதாகக் குடும்பத்தாருக்கு வாக்களிக்கப்பட்டது. ஏழை வீட்டில் சாவு விழுந்தால் செலவுக்கு என்ன செய்வது என்ற கவலையை நம்மில் அறியாதார் யார்? அந்தக் கவலையையே அவர்கள் விலைக்கு வாங்கினர். இறக்கும்வரை இந்நோயாளிகள்மீது தமக்கு அக்கறையில்லை என்று ஆய்வு மருத்துவர்களுள் ஒருவர் 1933இல் கடிதத்திலேயே எழுதி வைத்தார்.

இங்கே ஒரு தவறான செய்தியைத் திருத்துதல் வேண்டும். மேக்கன் மாவட்டத்தில் அரசு நோயை ஊசிவழி ஏற்றியது எனப் பலர் சொல்வதுண்டு. அது உண்மையன்று. அவர்கள் முன்னரே நோயுற்றிருந்தனர். நோயை வேண்டுமென்றே ஏற்றிய கொடுமை, 1946 முதல் 1948 வரை குவாத்தமாலா நாட்டில் சிறையாளர், படைவீரர், மனநோய் விடுதியில் இருந்தோர் ஆகியோர்மீது, இதே துறையினரால் நடத்தப்பட்டது. வரலாற்றாசிரியர் சூசன் ரெவர்பி பழைய ஆவணங்களில் கண்டெடுத்து 2010இல் அது வெளிப்பட்டது. மேக்கனில் நிகழ்ந்தது வேறு வகை. அங்கு ஏற்றியது நோயையன்று, தடுத்தது மருந்தை.

அந்த மருந்து பெனிசிலின். அது சிபிலிஸ் நோயைத் தீர்க்கும் என்பது 1943இல் தெளிந்தது. 1947க்குள் நாடெங்கும் அதுவே உரிய மருந்தாயிற்று. மேக்கன் மனிதர்களுக்கு மட்டும் அது தரப்படவில்லை. உள்ளூர் மருத்துவர்களிடம் பெயர்ப்பட்டியல் கொடுத்து, இவர்களுக்கு வைத்தியம் செய்யற்க என்றனர். போர்க்காலத்தில் படைக்கு ஆள் எடுத்தபோதும், அங்கே மருந்து கிடைத்துவிடுமே என்று, சிகிச்சையிலிருந்து இவர்களுக்கு விலக்குப் பெற்றனர். ஹெர்மன் ஷா என்னும் உழவர் பர்மிங்ஹாம் நகரத்துச் சிகிச்சை நிலையம் வரை சென்றுவிட்டார். உன் பெயர் இங்கே இருக்கக்கூடாது என்று அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினர்.

இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் உறுத்துவது வெள்ளை அதிகாரிகளின் செயலன்று. அது எதிர்பார்க்கக் கூடியதே. அடிமையாய்ப் பிறந்து அறிஞராய் உயர்ந்த புக்கர் வாஷிங்டன் 1881இல் தொடங்கிய டஸ்கீகி கல்வி நிலையம், கறுப்பின மக்கள் தம்முடையதென்று பெருமை கொண்ட நிலையம், தன் மருத்துவமனையையும் பெயரையும் இந்த ஆய்வுக்கு அளித்தது. அங்கே பயின்ற கறுப்பினச் செவிலி யூனிஸ் ரிவர்ஸ் அம்மையார், 1932 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மனிதர்களைத் தம் காரில் ஏற்றி மருத்துவர்களிடம் அழைத்துச் சென்றார், நலம் விசாரித்தார், சாவுக்குச் சென்று குடும்பத்தோடு அழுதார். அவர்மீது கொண்ட அன்பால் ஆய்வில் இருந்தோர் தம் கூட்டத்தை 'மிஸ் ரிவர்ஸ் சங்கம்' என்றே அழைத்தனர். மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருந்தனர்; மாறாத முகம் அவருடையது. அம்முகம் இல்லையேல் ஆய்வு நாற்பது ஆண்டு நீடித்திருக்காது.

அவரைத் துரோகி என்று ஒரு சொல்லில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. வேலையோ அரிது, மேலதிகாரிகள் மருத்துவர்கள், வேறெவரும் எட்டிப்பாராத மக்களுக்குத் தம்மால் இயன்ற கனிவைக் காட்டினார். ஆயினும் பெனிசிலின் வந்த பின்னர் அவர் அறிந்தே மௌனமாயிருந்தார் என்பதையும் மறைத்தல் தகாது. கல்வி பெற்று முதன்முதலாக அரசுப் பணியில் அமரும் நம் பெண்ணோ பையனோ இத்தகைய நாற்காலியில்தான் பெரும்பாலும் அமர்கின்றனர்: மேலே அதிகாரி, கீழே தம் மக்கள்.

ஜெர்மானிய நாஜி மருத்துவர்களை நியூரம்பெர்கில் விசாரித்த அமெரிக்க நீதிபதிகள், 1947இல் அளித்த தீர்ப்பில், மனிதர்மேல் சோதனை செய்ய அவரது மனமுவந்த இசைவு இன்றியமையாதது என்று வகுத்தனர். அவ்விதி கடலுக்கு அப்பால் உள்ளவர்க்கு என்று அமெரிக்கச் சுகாதாரத் துறை கருதியது போலும். மேக்கன் ஆய்வு இரகசியமும் அன்று. 1936 முதல் மருத்துவ இதழ்களில் அதன் முடிவுகள் வெளிவந்தவண்ணம் இருந்தன. படித்த மருத்துவர்களுள், இது முறையா என்று 1965இல் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியவர் இர்வின் ஷாட்ஸ். அவருக்கு மறுமொழி வரவில்லை. அடுத்த ஆண்டு பீட்டர் பக்ஸ்டன் என்னும் இளம் ஊழியர் துறைக்குள்ளேயே எதிர்ப்பை எழுதினார். 1968இல் மீண்டும் எழுதினார். 1969இல் கூடிய குழு ஆய்வைத் தொடரலாம் என்றது. பின்னர் அவர் செய்தியாளரை நாடினார். 1972 சூலையில் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி நாளேடுகளில் வெளிவந்தது. நாற்பது ஆண்டு நடந்த ஆய்வு நான்கு மாதங்களில் முடிந்தது.

அப்போது நோயுற்றோரில் உயிரோடிருந்தவர் 74 பேர். பரவலாகக் கூறப்படும் கணக்கின்படி 28 பேர் நேரே இந்நோயாலும், 100 பேர் அதன் விளைவுகளாலும் இறந்தனர். 40 மனைவியருக்கு நோய் தொற்றியது. 19 குழந்தைகள் நோயோடு பிறந்தனர். வழக்கறிஞர் ஃபிரெட் கிரே 1973இல் தொடுத்த வழக்கில், அடுத்த ஆண்டே ஒரு கோடி டாலருக்கு அரசு இணங்கிற்று.

1974இல் அந்நாட்டில் ஆராய்ச்சிச் சட்டம் இயற்றப்பட்டது. 1979இல் வெளிவந்த பெல்மாண்ட் அறிக்கை, மனிதரை மதித்தல், நன்மை செய்தல் என்பவற்றோடு நீதி என்பதையும் சேர்த்தது. எளிதில் அகப்படும் ஏழைகள்மேல் சோதனையின் சுமையை ஏற்றலாகாது என்பது அதன் பொருள். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் நெறிகளை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிய மருந்துச் சோதனையில் சேர்பவர் எழுத்தறியாதவராயின், சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருந்தே இசைவு பெறுதல் வேண்டும். மருத்துவமனையில் நம் பெரியவர்கள் பெருவிரல் மை தொட்டு நீட்டும் காகிதத்தைப் படித்துக் காட்டும் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நலம்.

பர்மிங்ஹாமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஹெர்மன் ஷாவுக்கு 1997இல் வயது 94. அவ்வாண்டு மே 16ஆம் நாள் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். எஞ்சியிருந்த எட்டுப் பேரில் ஐவர் வந்திருந்தனர். அவர்கள் சார்பில் ஷா எழுந்து, தாங்கள் சோதனை எலிகள் அல்லர், மனிதர் என்று பேசினார். பின்னர்க் குடியரசுத் தலைவரைப் பேச அழைத்ததும் அவரே. அம்மனிதர்களுள் இறுதியானவர் 2004 சனவரியில் காலமானார்.