தண்டியடிகள் கல்லிய குளம்

சோழவள நாட்டின் கடைமடையிலே, கடலோரத்தில் அமைந்தது அதிராம்பட்டினம். திருவாதிரை நாளுக்குரிய தலமென்று அன்பர்கள் போற்றும் அபயவரதீசுவரர் திருக்கோயில் அங்கே விளங்குவது மெய்யன்பர்கள் அறிந்ததே. அப்பகுதிக்கு விழாச் சொற்பொழிவின் பொருட்டு நாம் சென்றிருந்த காலை, உழவர் ஒருவர் நம்மை அணுகி ஒரு வினா விடுத்தார். அவருக்கு உள்ளது மூன்று மா நிலம். அதன் மூலையிலே பாட்டனார் காலத்துக் குட்டையொன்று தூர்ந்து, கருவை மண்டிக் கிடக்கிறது. "ஐயா, அதை வெட்டினால் விளைகிற மண்ணும் கொஞ்சம் போகும். மண்ணடித்து மேடாக்கி வயலோடு சேர்த்துவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கோயில் குளம் வெட்டினால் புண்ணியம் என்கிறீர்கள். சொந்த வயலில் வெட்டினால் அது எந்தக் கணக்கில் சேரும்?" என்றார்.

வினா எளிதன்று. மூன்று மா உடையவர்க்கு முப்பது குழி என்பது சிறு பொருளும் அன்று. அன்று சுருக்கமாகவே விடை கூறினோம். ஈண்டுச் சற்று விரித்துரைப்போம்.

குளம் வெட்டுதலைப் பற்றிப் பேசப் புகுவார் திருவாரூரைக் கடந்து செல்லல் இயலாது. அங்கே பூங்கோயிலின் மேற்றிசையில் உள்ளது கமலாலயத் திருக்குளம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று நாட்டார் சொல்வர். ஐந்து வேலி என்பது ஏறத்தாழ 33 ஏக்கர். திருமுதுகுன்றத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் எடுத்தது இக்குளத்தில். நமிநந்தியடிகள் நீரால் விளக்கெரித்தபோது முகந்த நீரும் இக்குளத்ததே. இத்துணைப் பெருமையுடைய தீர்த்தமும் ஒரு காலத்தில் தூர்ந்து, கரை குறுகிக் கிடந்தது என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை.

அக்காலத்தில் அவ்வூரில் வாழ்ந்தவர் தண்டியடிகள் நாயனார். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் வைத்து வணங்குதலின், அவருக்கு முற்பட்டவர் என்பது தெளிவு. குளத்தின் பாங்கெல்லாம் சமணர் பாழிகள் பெருகி இடம் குறைந்தமையை அறிந்து, அதனைப் பெருகக் கல்லுவேன் என அடிகள் துணிந்தார். ஆளில்லை, பொருளில்லை, கண்ணும் இல்லை. அவர் செய்தது யாது? குளத்தின் உள்ளே ஒரு தறி நட்டார். கரைமேல் ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவி இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் இட்டு, அதே கயிற்றைத் தடவி ஏறிக் கரையில் கொட்டினார். சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இவ்வரலாற்றைப் பாடும்போது இந்தத் தறியையும் கயிற்றையும் விடாமல் உரைத்தமை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அற்புதம் நிகழ்ந்தது பிற்பாடு. அதற்கு முன்னே எத்தனையோ நாள் நடந்தது வெறும் கூலியாள் வேலை.

மண்ணைக் கல்லினால் சிற்றுயிர் மாளும் என்று சமணர் தடுத்தனர். அந்த மறுப்பை நாம் எள்ளி நகைத்தல் ஆகாது. உயிரிரக்கம் அவர்தம் அறம். அடிகளோ, இது சிவபிரான் திருப்பணி என்று விடை கூறித் தொழிலில் நின்றார். அதன் பின் அவர்கள் அவர் குருட்டினை இகழ்ந்து, தறியையும் கயிற்றையும் பறித்தனர். வாதம் முடிந்து வன்மை தொடங்கிய இடம் அது. அடிகள் இறைவனிடம் முறையிட்டார். பெருமான் அவர் கனவிலும் சோழ மன்னன் கனவிலும் தோன்றி அருளினான். மன்னன் முன்னிலையில், திருவைந்தெழுத்தோதிக் குளத்தில் மூழ்கி எழுந்த அடிகள் கண்பெற்றார். மறுத்தவர் கண்ணிழந்தனர் என்றும், மன்னன் அவர்களை ஊரினின்றும் அகற்றிப் பாழிகளை இடித்தான் என்றும் புராணம் கூறும். சொற்பொழிவாளர் சிலர் இப்பகுதியிலேயே நெடுநேரம் நின்று கைதட்டல் பெறுவர். நமக்கு அதில் மனம் செல்வதில்லை. இறுதியில் மன்னன் குளத்தையும் கரைகளையும் செப்பனிட்டு முடித்தான் என்பதுதான் நமக்கு வேண்டுவது.

இனி, உழவர் கேட்ட 'சொந்த நிலம்' என்பதற்கு வருவோம். வடமொழி நூலார் ஏழு சந்தானம் என்று மக்கட்பேற்றோடு ஒப்ப எண்ணுவனவற்றுள் குளம் தொடுதலும் ஒன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து (919, 921) கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டுதோறும் குடவோலையிட்டு ஏரி வாரியத்துக்கு அறுவரைத் தேர்ந்தனர் என்பதை அவற்றால் அறிகிறோம். குடவோலையில் பெயர் எழுதப் பெறுவோர்க்கு, இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு இருத்தல் வேண்டும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர் சுற்றத்தாரும் விலக்கப்பட்டனர். ஊர் நீரைக் காப்பவன் தன் நிலத்தில் வேரூன்றியவனாய் இருக்க வேண்டுமென்று அவர்கள் கருதினர் போலும்.

நம் உழவரின் ஊருக்கு ஒரு தனி இடர் உண்டு. பட்டுக்கோட்டைப் பக்கம் காவிரி நீர் பாய்ந்தது பழங்காலத்தில் அன்று. மேட்டூர் அணை முடிந்த 1934ஆம் ஆண்டில்தான் கல்லணைக் கால்வாய் திறக்கப்பட்டது; அதனை மக்கள் இன்றும் புது ஆறு என்றே வழங்குவர். அதற்கு முன் அங்கே வாழ்ந்தோர் மழையையும் ஏரி குளங்களையுமே நம்பினர். ஆறு வந்த பின் குளத்தை மறந்தனர். கடைமடைக்கோ ஆறு எப்போதும் கடைசியில்தான் வரும்.

மற்றொன்று உப்பு. அவ்வூரைச் சூழ உப்பளங்கள் உள்ளன. நிலத்தடியிலும் கடல்நீர் உள்வரக் காத்து நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது. உவர்நீரின் மேல் மிதப்பது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், மட்டத்தின் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை உவரை அது தள்ளி வைக்கும் என்பது நிலநூலார் கணக்கு. ஆதலால் அந்த மூலைக் குட்டையில் தேங்கும் மழைநீர் கண்ணுக்குத் தெரியாமல் அண்டை வயல்களுக்கும் காவல் நிற்கிறது. நூறடி நீளம், ஐம்பதடி அகலம், ஐந்தடி ஆழம் வெட்டினால் 25,000 கன அடி. சுமார் ஏழு இலட்சம் லிட்டர். கரைச்சரிவுக்கு விட்டது போகச் சற்றுக் குறையும். நிலத்தில் செல்வது முப்பத்தைந்து குழி. ஆயின் ஆசை மிகுந்து ஆழம் போகலாகாது. கடலோரத்தில் மிக ஆழ்ந்தால் கீழிருந்து உவர் ஊறி, வெட்டினவனையே கெடுக்கும்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. வாழ்விழந்த நிலையிலும் பேராவூரணி உழவர்கள் மறு ஆண்டிலேயே தாமே கூடித் தங்கள் பெரிய ஏரியைத் தூர் வாரினர். அடிகளின் கயிற்றை அவர்களும் பிடித்தனர் என்றே நாம் கொள்கிறோம்.

உழவர்க்கு நாம் அன்று கூறியது இவ்வளவே: குட்டையை மேடாக்க வேண்டா, பிள்ளைகளை உடன் நிறுத்தி வெட்டுக, புண்ணியக் கணக்கை ஆரூரன் எழுதிக்கொள்வான். அவர் சிறிது நின்று, "எப்போது தொடங்கலாம்?" என்றார். தண்டியடிகள் குருபூசை பங்குனிச் சதயம். மேட்டூர் அணையை முறைப்படி சனவரி 28இல் மூடுவர். பங்குனியில் வாய்க்காலும் வறண்டு, குட்டையின் அடிமண் வெடித்துக் கிடக்கும். மண்வெட்டி இறங்க அதுவே ஏற்ற காலம் என்றோம்.