ஆக்சிஜனுக்குப் பேர் வச்ச கதை

ஆக்சிஜன்னா என்ன அர்த்தம் தெரியுமா மக்களே? கிரேக்க மொழியில் 'அமிலத்தை உண்டாக்குவது'. 1777ல் இந்தப் பேரை வச்சவர் பிரான்சு நாட்டு லவாய்சியர். பெரிய ஆள்தான், ஆனா பேர் தப்பு :-)

ஏன் அப்படி நினைச்சார்? கந்தகம், பாஸ்பரஸ், கரி மூணையும் எரிச்சு, வந்ததைத் தண்ணியில் கரைச்சா அமிலம் கிடைக்குது. அப்போ ஆக்சிஜன்தானே காரணம்? மூணுமே அலோகம் என்பதுதான் சிக்கல். நம்ம பாஷையில் சொன்னா, டெஸ்ட் கேஸ் எல்லாம் ஒரே பக்கம்.

1789ல் அவர் போட்ட தனிமங்கள் பட்டியலில் சுண்ணாம்பும் இருந்தது. அதை யாராலும் பிரிக்க முடியலை. ஆனா அது ஏதோ உலோகத்தின் ஆக்சைடா இருக்கலாம்னு அவரே சந்தேகப்பட்டார். அங்கேதான் இடிக்குது. சுண்ணாம்புக்குள் ஆக்சிஜன் இருந்தா அது அமிலமா இருக்கணுமே? சுண்ணாம்போ காரம்! இதுக்கு விடை தெரியறதுக்குள், 1794 மே 8 அன்று பிரெஞ்சுப் புரட்சியில் அவர் தலை போயிடுச்சு.

விடை லண்டனில் கிடைச்சது. 1807ல் ஹம்ஃப்ரி டேவி உருக்கிய பொட்டாஷில் மின்சாரம் செலுத்தி பொட்டாசியத்தைப் பிரிச்சார். அடுத்த சில நாளில் சோடியம், 1808ல் சுண்ணாம்பிலிருந்து கால்சியம். லவாய்சியரின் சந்தேகம் சரி, வச்ச பேர்தான் தப்பு. காரத்துக்குள்ளும் ஆக்சிஜன் இருக்கு! 1810ல் டேவி அடுத்த குண்டைப் போட்டார்: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் (அதாங்க, பாத்ரூம் கழுவுற ஆசிட்) ஆக்சிஜனே கிடையாது.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணி ஊத்தினா கொதிச்சு, நீர்த்த சுண்ணாம்பு என்கிற காரமா மாறும். சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளும் அப்படித்தான். காப்பர் ஆக்சைடும் இரும்புத் துருவும் தண்ணியைக் கண்டுக்காது, ஆனா ஆசிட்டில் கரைஞ்சு உப்பும் தண்ணியும் தரும். அலுமினியம், துத்தநாக ஆக்சைடுகள் ரெண்டுங்கெட்டான்: அமிலத்தோடும் சேரும், காரத்தோடும் சேரும்.

1838ல் லீபிக், அமிலத்தில் முக்கியம் உலோகம் இடம்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன்தான்னு சொல்லிட்டார். ஆனாலும் பேரை யாரும் மாத்தலை. ஜெர்மன்காரங்க இன்னிக்கும் அதைப் 'புளிப்புப் பொருள்'னுதான் சொல்றாங்க. பழைய புரோகிராமில் தப்பா பேர் வச்ச வேரியபிள் மாதிரிதான். ஆயிரம் இடத்தில் புழங்கியாச்சு, இனி யார் கை வைப்பா?