சி.ஆர்.பி.யில் இருக்கும் ‘சி’

2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலை. "காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் "சி.ஆர்.பி. எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். லேப் ரிப்போர்ட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் மாமாவுக்கும் மச்சானுக்கும் அனுப்புவார்கள். டி-டைமர், ஃபெரிட்டின், ஐ.எல்.-6, என்.எல்.ஆர். என்று வரிசையாக எண்கள், பக்கத்திலேயே இயல்பு அளவு. அதைத் தாண்டிய எண் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்த வீட்டில் அன்றிரவு யாரும் தூங்காமலிருக்க அது ஒன்றே போதும்.

அந்த சி.ஆர்.பி.க்கு அப்போது 91 வயது. மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸை எவரும் பிரித்தெடுத்திராத காலத்தில், நியூயார்க்கில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது அது.

ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனை 1910இல் திறக்கப்பட்டது. தொடக்கத்திலிருந்தே அங்கே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட நோய்களில் ஒன்று நிமோனியா. அதற்குக் காரணம் உண்டு. சல்ஃபா மாத்திரையும் பெனிசிலினும் வராத நாட்கள் அவை. நியூமோகாக்கஸ் பாக்டீரியாவில் பல வகை. இன்ன வகை என்று கண்டறிந்து, அந்த வகைக்கு எதிராகக் குதிரையின் உடலில் உண்டாக்கிய சீரத்தை ஊசியாகப் போடுவதுதான் இருந்த ஒரே நேரடிச் சிகிச்சை. போடாதவர்களுக்கும், சில நேரம் போட்டவர்களுக்கும், நோய் ஒரே பாதையில்தான் போகும். ஏறக்குறைய ஒரு வாரம் காய்ச்சல் அனலாய் அடிக்கும். பிறகு ஓர் இரவில் உடம்பு தெப்பமாக வியர்த்து, சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஆள் போய்விடுவார். அந்த இரவுக்கு மருத்துவர்கள் ‘கிரைசிஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். படுக்கையைச் சுற்றி எல்லோரும் காத்திருந்தது அதற்காகத்தான்.

வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் இந்த நோயாளிகளின் சீரத்தை நாள்தோறும் எடுத்து, நியூமோகாக்கஸிலிருந்து பிரித்த பொருள்களோடு கலந்து பார்த்தார்கள். கலந்ததும் குழாயில் வெண்மையாகக் கலங்கி அடியில் படிந்தால், சீரத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பொருள். பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள சர்க்கரையோடு கலந்தபோது எதிர்பார்த்ததே நடந்தது: நோயின் தொடக்கத்தில் ஒன்றுமில்லை, கிரைசிஸ் கடந்து தேறும்போது படிவு தெரிந்தது. ‘சி’ என்று அடையாளமிட்டிருந்த வேறொரு கூற்றோடு கலந்தபோது எல்லாம் தலைகீழ். காய்ச்சல் உச்சத்தில் இருக்கையில் குழாய் கலங்கியது. நோயாளி தேறியதும் தெளிந்துவிட்டது. எந்த வகை நியூமோகாக்கஸ் என்பதைப் பற்றியும் அது கவலைப்படவில்லை.

எதிர்ப்பொருள் இப்படி நடந்துகொள்ளாது. நோய் தீர்ந்தபின் காவலுக்கு நிற்பதுதான் அதன் வேலை. இதுவோ நோயோடு வந்து நோயோடு போனது. 1930இல் இருவரும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ருமாட்டிக் காய்ச்சலிலும் வேறு கிருமித் தொற்றுகளிலும் அதே கலங்கல் தெரிந்தது. ஆக, அந்தப் பொருள் கிருமியைப் பற்றி எதையும் சொல்லவில்லை, உடம்பு எவ்வளவு கொதித்துப்போயிருக்கிறது என்பதைத்தான் சொன்னது. 1940களின் தொடக்கத்தில் அதே நிலையத்தின் ஆஸ்வால்ட் ஏவரியின் குழு அது ஒரு புரதம் என்று நிறுவியது. சி கூற்றோடு வினைபுரியும் புரதம் என்பதால் ‘சி-ரியாக்டிவ் புரோட்டீன்’. அதைப் படிகமாக்கிக் காட்டிய மெக்லின் மெக்கார்ட்டியும், அதே ஆய்வில் கைகொடுத்த காலின் மெக்லியோடும், ஏவரியுடன் சேர்ந்து 1944இல் மரபுப்பண்புகளைச் சுமப்பது டி.என்.ஏ. என்று காட்டியவர்கள். அந்தப் பெரிய வெளிச்சத்தில் இந்தச் சின்னப் புரதம் கொஞ்சம் மங்கிப்போனதில் வியப்பில்லை.

ரத்தத்தைப் பார்த்து நோயின் கடுமையைச் சொல்லும் ஆசை சி.ஆர்.பி.க்கும் முந்தியது. ஐரோப்பாவில் நோயாளியின் கையைக் கீறி ரத்தம் வடித்த காலத்தில், கிண்ணத்தில் உறைந்த ரத்தத்தின் மேலே சில சமயம் வெளிறிய ஆடை படர்வதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். நிமோனியா போன்ற அழற்சி நோய்களில் ஆடை தடித்திருக்கும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ரத்தத்தை வடித்தார்கள் என்பது தனிச் சோகம். அந்த ஆடை ஏன் படர்கிறது என்பதற்கான விளக்கம் 1918இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஒரு வேலையிலிருந்து வந்தது. ராபின் ஃபோரேயஸ் என்பவர் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் வேகமாக அடியில் இறங்குவதைக் கண்டு, கர்ப்பத்தை உறுதிசெய்ய ஒரு சோதனை கிடைத்துவிட்டது என்று நினைத்தார். பார்த்தால் நோயுற்ற ஆண்களின் ரத்தமும் அப்படியே இறங்கியது. அழற்சியில் ஃபைப்ரினோஜென் போன்ற புரதங்கள் பெருகுவதால், சிவப்பணுக்கள் நாணயத்தை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கனமாகி இறங்குகின்றன. வெள்ளணுக்களும் புரதமும் மேலே தங்கிவிடுகின்றன. போலந்தைச் சேர்ந்த பியர்நாட்ஸ்கி 1897லேயே இதைச் சொல்லியிருந்தார். 1921இல் ஆல்ஃப் வெஸ்டர்கிரன் காசநோயாளிகளுக்காக இதற்கு ஒரு முறையை வகுத்தார். நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் ‘ஈ.எஸ்.ஆர்.’ என்று இன்றும் வருவது அதுதான்: நிமிர்த்தி வைத்த மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு மணி நேரத்தில் சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்ற கணக்கு.

ஈ.எஸ்.ஆர். ஏறவும் நாளாகும், இறங்கவும் நாளாகும். சி.ஆர்.பி. அப்படியில்லை. கல்லீரல் அதைச் சில மணி நேரத்தில் உற்பத்தி செய்துவிடும்; ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். அடுப்பை அணைத்தால் கொதி அடங்குவதுபோல, காரணம் நீங்கியதும் அளவு இறங்கிவிடும். ஆனால் பல பத்தாண்டுகள் இந்த நுட்பம் வீணாயிற்று. லேப்களில் நடந்தது லேட்டக்ஸ் சோதனை. கறுப்புக் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு சீரம், அதன் மேல் பால் போன்ற லேட்டக்ஸ் கரைசல் ஒரு சொட்டு. குச்சியால் கலக்கி, தட்டை இரண்டு நிமிடம் மெல்ல ஆட்டுவார்கள். பால் திரிந்ததுபோலத் துகள் துகளாகப் பிரிந்தால் ‘பாசிட்டிவ்’. லிட்டருக்கு 6 மில்லிகிராமைத் தாண்டியது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. 60க்கும் 160க்கும் உள்ள தூரம் இயந்திரங்கள் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இதற்கிடையில் ஃபிரான்சிஸ் வேறு பக்கம் போய்விட்டார். 1933இல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸை ஃபெரட் என்ற கீரி போன்ற விலங்குக்குத் தொற்றவைத்துக் காட்டினார்கள். மறு ஆண்டே புவேர்ட்டோ ரிக்கோ தீவின் நோயாளிகளிடமிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்தவர் ஃபிரான்சிஸ். ‘பி.ஆர்.8’ என்ற பெயரில் அது இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது. 1940இல் இன்ஃப்ளூயன்சா ‘பி’ வகையைக் கண்டதும் அவரே. 1955 ஏப்ரல் 12 அன்று ஆன் ஆர்பரில் சால்க்கின் போலியோ தடுப்பூசி பலிக்கிறது என்று உலகுக்கு அறிவித்ததும் அவரே. இளமையில் தான் கண்ட புரதம் ஒருநாள் வைரஸ் காய்ச்சலில் யார் பிழைப்பார் என்று கணிக்கப் பயன்படும் என்பதை அவர் எதிர்பார்த்ததற்கு அடையாளமில்லை. மருத்துவ உலகும் அப்படி நினைக்கவில்லை. சி.ஆர்.பி. எகிறினால் பாக்டீரியா, அதிகம் அசையாவிட்டால் வைரஸ் என்பதே நெடுநாள் பாடம். ஸ்காண்டிநேவிய நாடுகளில் மருத்துவரின் மேசையிலேயே விரலில் குத்திச் சி.ஆர்.பி. பார்த்து, ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று முடிவு செய்யும் வழக்கம் அந்தப் பாடத்தில் பிறந்தது.

வைரஸ் தன் தடத்தை வேறிடத்தில் விட்டிருந்தது. 1918 இன்ஃப்ளூயன்சா பெருங்காய்ச்சலில், இத்தனை கடுமையான நோயில் வெள்ளணுக்கள் பெருகாமல் குறைகின்றனவே என்று மருத்துவர்கள் குழம்பினார்கள். அன்று அதை எண்ணுவதே ஒரு கைத்தொழில். பிப்பெட்டில் 0.5 கோடு வரை ரத்தத்தை வாயால் உறிஞ்சி, 11 வரை நீர்த்தக் கரைசலை இழுத்துக் குலுக்க வேண்டும். கட்டம் பொறித்த கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் நான்கு மூலைக் கட்டங்களிலும் தெரியும் அணுக்களை எண்ணி 50ஆல் பெருக்கினால், ஒரு கன மில்லிமீட்டருக்கான கணக்கு. அந்த எண்ணுக்குள் எது நியூட்ரோபில், எது லிம்போசைட் என்று அறிய, சாயமேற்றிய ஸ்லைடில் தனியாக எண்ண வேண்டும்.

2003இல் சார்ஸ் வந்தபோது இந்தப் பழைய எண்ணிக்கைதான் கைகொடுத்தது. ஹாங்காங்கில் 138 நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், பத்தில் ஏழு பேருக்கு லிம்போசைட் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மோசமாகப் போகப்போகிறவர்களை முன்கூட்டிக் காட்டியவை மூன்று: முதிய வயது, உயர்ந்த எல்.டி.எச். நொதி, வந்து சேரும்போதே இயல்பைத் தாண்டிய நியூட்ரோபில். 2006இல் வியட்நாமிலிருந்து பறவைக் காய்ச்சல் நோயாளிகள் 18 பேரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. இறந்தவர்களின் ரத்தத்தில் வைரஸும் மிகுதி, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களும் மிகுதி. 2020 ஜனவரியில் வூஹானின் முதல் 41 கோவிட் நோயாளிகளிலும் 63 சதவீதம் பேருக்கு லிம்போசைட் குறைவு. நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்தால் வரும் எண்தான் என்.எல்.ஆர். புதிதாக எந்தச் சோதனையும் வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும். அதனால்தான் ஏழை மருத்துவமனைகளிலும் அது பரவியது.

கோவிட் சி.ஆர்.பி.யின் பழைய பாடத்தையும் உடைத்தது. வைரஸ்தான், ஆனாலும் எண் நூறைத் தாண்டியது. கல்லீரலுக்குக் கட்டளையிடும் ஐ.எல்.-6 என்ற சைட்டோகைனின் மரபணுவை ஒசாக்காவில் கிஷிமோட்டோவும் ஹிரானோவும் 1986இல் கண்டறிந்திருந்தார்கள். அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் மூட்டுவாத மருந்தாக ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு ஒரு கோடு கிழித்தது: ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டும், சி.ஆர்.பி. 75ஐத் தொட்டிருக்க வேண்டும், அவர்களுக்கே மருந்து. 28 நாளில் இறந்தவர்கள் மருந்து பெற்ற பிரிவில் 31 சதவீதம், பெறாத பிரிவில் 35. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் அங்கே அந்த எண் ஒரு வேலை செய்தது.

இங்கே பல வீடுகளில் அது செய்தது வேறு வேலை. லேசான காய்ச்சலோடு மூச்சு சீராக இருந்தவர்களும் ‘கோவிட் பேக்கேஜ்’ என்ற ரத்தச் சோதனைத் தொகுப்பை எடுத்தார்கள். எந்த அழற்சியிலும் இந்த எண்கள் ஏறும், லேசான நோய்க்கு இவை வேண்டாம் என்று 2021 மே தொடக்கத்தில் எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியாவே சொல்ல வேண்டியிருந்தது. எண்ணைப் பார்த்து வீட்டிலேயே ஸ்டீராய்டு தொடங்கியவர்களை நினைத்தால், ரத்த ஆடையைப் பார்த்து மறுபடி கீறிய அந்த மருத்துவர்கள் அவ்வளவு தொலைவில் இல்லை என்று தோன்றுகிறது.

சி.ஆர்.பி. நடந்துகொண்டிருப்பதைத்தான் காட்டும். நோய் வருமுன்பே ரத்தத்தில் எழுதியிருப்பது ஏதும் உண்டா? 2020இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஜான்-லோரான் காசநோவாவின் குழு ஒன்றைக் கண்டது. உயிருக்குப் போராடிய 987 கோவிட் நோயாளிகளில் 101 பேரின் ரத்தத்தில், வைரஸைத் தடுக்க உடம்பே சுரக்கும் இன்டர்ஃபெரானை முடக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. அந்த 101இல் 95 பேர் ஆண்கள். அறிகுறியே இல்லாமலோ லேசாகவோ கடந்த 663 பேரில் ஒருவரிடமும் அது இல்லை.

இன்டர்ஃபெரானை 1957இல் லண்டனின் மில் ஹில்லில் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டறிந்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது இன்ஃப்ளூயன்சா வைரஸைத்தான். பிறகு ஸூரிக்கில் லிண்டன்மான் ஒருவகை எலிகளைக் கவனித்தார். மற்ற எலிகளைக் கொல்லும் அளவு வைரஸைக் கொடுத்தாலும் இவை பிழைத்தன. காரணமான மரபணுவுக்கு ‘எம்.எக்ஸ்.’ என்று பெயராயிற்று. மனிதரில் அதற்கு இணையான எம்.எக்ஸ்.ஏ. புரதம், இன்டர்ஃபெரான் தட்டி எழுப்பியதும் வெள்ளணுக்களில் பெருகுகிறது. இப்போது விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டால் பத்து நிமிடத்தில் கோடு காட்டும் சிறு பிளாஸ்டிக் கருவி இருக்கிறது. அதில் ஒரு கோடு எம்.எக்ஸ்.ஏ., இன்னொன்று டில்லெட்டும் ஃபிரான்சிஸும் கண்ட சி.ஆர்.பி. வைரஸா பாக்டீரியாவா என்பதற்கு அது பதில் சொல்கிறது. நோயாளி மோசமாவாரா என்று வாட்ஸ்அப்பில் மாமா கேட்ட கேள்விக்கு அதில் கோடு இல்லை. அதற்கு இன்னும் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.