கொரிய எழுத்தும் நம் இல்லத்துத் தமிழும்

கொரிய நாடகங்களைக் கண்டு அம்மொழியில் ஆர்வங்கொண்ட எம் மகள், அதன் எழுத்துகளைச் சின்னாட்களிற் கற்றுப் படிக்கலானாள். ஊரிலிருந்து பாட்டியார் எழுதிய தமிழ்க் கடிதத்தையோ எம்மிடம் நீட்டி, "படித்துச் சொல்லுங்கள், அப்பா" என்றாள். யாம் நாணினோம், அவள் பொருட்டன்று, எம் பொருட்டு. பின்னர் அவளருகமர்ந்து அவ்வெழுத்துகளையும் அவற்றின் வரலாற்றையும் யாமும் கற்றோம்.

கொரியர் நெடுங்காலம் சீன எழுத்தையே கையாண்டனர். அவை ஆயிரக்கணக்கின, கற்றோரோ சிலர். 1418 முதல் 1450 வரை ஆண்ட செஜோங் மன்னர், எளிய குடிமக்களும் தம் கருத்தை எழுதுதல் வேண்டுமென்று 1443இல் 28 எழுத்துகளை வகுத்து, 1446இல் வெளியிட்டார். அவைப்புலவர் சிலர் 1444இலேயே எதிர்த்தனர், மன்னர் தளர்ந்திலர். இன்று வழங்குவன 14 மெய்யும் 10 உயிருமாக 24.

எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியப் பிறப்பியல் நூற்பாவால் உரைக்கின்றது. செஜோங் வடிவத்தாலேயே காட்டினார். மகரத்துக்கு வாயைக் குறிக்கும் சதுரம். நகரத்துக்கு நாவின் நிலையைக் காட்டும், நம் 'ட' போன்ற வடிவம். நம் 'ப'வின் நடுவே குறுக்குக்கோடு இட்டால் அங்கும் பகரமே! இது தற்செயல், உறவு கற்பித்தல் வேண்டா. மெய்யும் உயிரும் கூடி ஒரு கட்டமாய் நிற்றல் நம் உயிர்மெய்யை நினைவூட்டும்.

'பல்' என்பதில் ஒருவாறும் 'அம்பு' என்பதில் வேறொருவாறும் நாம் ஒரே பகரத்தை ஒலிக்கின்றோம். கொரியரும் அவ்வாறே இடத்துக்கேற்ப ஒலிக்கின்றனர். தெலுங்கிலோ அவ்விரண்டுக்கும் தனித்தனி எழுத்துகள் உள. தெலுங்கு பயிலும் நம் பிள்ளைகள் தமிழில் இடர்ப்படுவது இவ்விடத்தேயாம். எம் மகளுக்கு இம்முடிச்சை அவிழ்த்தது கொரியமே. மூச்செறிந்தும் இறுக்கியும் ஒலிக்கும் மெய்களையே யாம் புதிதாகப் பழகினோம்.

1910இல் கொரியா ஜப்பானுக்கு அடிமைப்பட்டது. 1938இல் பள்ளிகளில் கொரியம் கட்டாயப் பாடமென்னும் நிலையை இழந்தது. அகராதி தொகுத்துவந்த கொரிய மொழிக் கழகத்தார் 1942இல் சிறைப்பட்டனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். வழக்கின் சான்றாகக் கைப்பற்றப்பட்ட கையெழுத்துப்படி காணாமற்போயிற்று. நாடு விடுதலைபெற்ற பின், 1945 செப்டம்பரில், சியோல் இரயில் நிலையக் கிடங்கில் அக்கட்டுகள் கிடைத்தன! சரக்குக் கிடங்கின் கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் எமக்கு இச்செய்தி கண்ணீரை வரவழைத்தது. 1947 முதல் 1957 வரை ஆறு தொகுதிகளாக அவ்வகராதி வெளிவந்தது.

அன்பர்களே, நம்மை எவரும் தடுத்திலர். செகந்திராபாத்தில் நாம் இறக்கிய மூட்டைகளில் தமிழெழுத்தும் ஒன்று. அதனைக் கிடங்கிலேயே விட்டுவிட்டோமோ? இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் போதும். எம் மகள் இப்பொழுது பாட்டியாருக்குத் தமிழில் விடை எழுதுகின்றாள். பிழைகள் உள. பாட்டியார் அக்கடிதங்களைப் பெட்டியில் வைத்துக் காக்கின்றாராம். அடுத்த மலரில் நம் காலனிப் பிள்ளைகள் தம் கையாலெழுதிய தமிழ் ஒரு பக்கமேனும் இடம்பெறுமாறு ஆவன செய்வோமாக!