கயிறும் புல்லுக்கட்டும்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்றதும் நமக்குத் தோல்தான் ஞாபகம் வரும். டேனரிக் கழிவு, பாலாறு, 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இந்த வரிசையில் குதிரை வராது. ஆனால் ராணிப்பேட்டை கம்பெனிக் காலத்தில் குதிரைப்படை முகாமாக இருந்த ஊர். 1806 ஜூலை 10 அன்று வேலூர்ச் சிப்பாய்களின் எழுச்சியை நசுக்க, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்ததைப் பாடப்புத்தகம்கூடச் சொல்லிவிடும். அந்தக் குதிரைகளுக்குச் சேணம் பூட்டிக் கொடுத்தது யாருன்னு கேட்டால் பதில் இருக்காது.

அன்றைய படைகளில் காயடிக்காத குதிரைகள் சகஜம். பொலிகுதிரையும் பொலிகுதிரையும் ஒரே இடத்தில் இருந்தால் கடித்துக் குதறிக்கொள்ளும் என்பது அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனி முளையில், தலைக்கு ஒரு கயிறு, பின்னங்காலுக்கு ஒரு கயிறு போட்டுக் கட்டினார்கள். கட்டிப்போடுவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 1400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று வந்திறங்கிய கதையைச் சொல்லும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், அவற்றை நாற்பது நாள் லாயத்தில் கயிறும் முளையுமாகக் கட்டிக் கொழுக்க வைத்ததையும் சொல்கிறார்.

கட்டிப்போட்ட குதிரை மேயப் போக முடியாது. மேய்ச்சல்தான் குதிரையைத் தேடி வந்தாக வேண்டும். அதை யார் தலையில் சுமந்து வந்தது? 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி புல்வெட்டி பற்றிய பதிவில் போகிற போக்கில் ஒன்று சொல்கிறது: ஒவ்வொரு குதிரைக்கும் குதிரைக்காரனோடு ஒரு புல்வெட்டியும் உண்டு, வடக்கே அது ஆண், தெற்கே குதிரைக்காரனின் மனைவி. அதாவது ஒரு குதிரைக்கு ஒரு குடும்பம். சென்னை மாகாணத்தில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பறையர்கள் நிறைய. அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் உதறி, கட்டாகக் கட்டி, தினமும் ஒரு பெண் சுமந்து வந்தாள். வெயில் காலத்தில் புல்லுக்கு எத்தனை மைல் நடந்திருப்பாள்! ரெஜிமெண்ட் வரலாறுகளில் குதிரையின் உயரம் இருக்கும், நிறம் இருக்கும். இவள் பெயர் இருக்காது.

அந்த நம்பிக்கையாவது உண்மையா? கட்டற்றுத் திரியும் குதிரைகளிடையே பெட்டைகள் கிடைக்காத ஆண்கள் தனிக் கூட்டமாகவே வாழ்கின்றன. ஸ்விட்சர்லாந்தின் அவான்ஷ் தேசியக் குதிரைப் பண்ணையில், இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த பொலிகுதிரைகளையே பெரிய மேய்ச்சல் வெளியில் ஒன்றாக விட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2013இல் வெளியானது. முதலில் மோப்பம், கனைப்பு, முன்னங்காலால் மண்ணை உதைத்தல், சாணக் குவியலை முகர்ந்து பார்த்தல் என ஏகப்பட்ட சடங்கு. சில நாட்களிலேயே சண்டை வெகுவாக அடங்கிவிட்டது. பெட்டைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது, இடம் தாராளமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போருக்குப் போகிற படை இதை அப்படியே செய்திருக்க முடியாதுதான். ஆனால் ‘இயற்கை’ என்று நமக்குச் சொல்லப்பட்டதில் பாதி, கயிறு உண்டாக்கிய முரட்டுத்தனம்.

அந்த முரட்டுத்தனத்துக்கு ஒரு தேவையும் இருந்தது. தேசிங்கு ராஜன் கதையில் டெல்லி சுல்தானின் அடங்காத பாராசாரிக் குதிரையை அடக்குவதில்தான் ஆண்மை நிரூபணமாகிறது. 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதிச் செத்த தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏற, அவள் நினைவாகவே ராணிப்பேட்டை என்று பெயர் வந்ததாம். குதிரை ஏறியவனுக்குக் கதைப்பாடல், எரிந்தவளுக்கு ஊர்ப் பெயர். புல் சுமந்தவளுக்கு அகராதியில் அரை வரி, அதுவும் இங்கிலீஷில்.

ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர்ப் பக்கத்து வாசகர்கள் வீட்டில் பாட்டன் குதிரைக்காரனாக இருந்தார், பாட்டி புல்லுக்குப் போனாள் என்று ஏதாவது பேச்சு உண்டா? இருந்தால் கேட்டு எழுதுங்கள், பேச்சு வழக்கிலேயே.