தண்ணீர் டப்பா இடம் மாறிய கதை

கார் பானெட்டைத் திறந்தால் ஓர் ஓரத்தில் பச்சையோ சிவப்போ நிறத்தில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று தெரியும். 'மேக்ஸ்', 'மின்' என்று இரண்டு கோடு போட்டிருக்கும். கூலன்ட் டப்பா என்பார்கள், ரிசர்வ் டேங்க் என்பார்கள். கண்ணாடி துடைக்கிற தண்ணீர் டப்பா என்று நினைத்து இதில் சோப்புத் தண்ணீர் ஊற்றியவர்களும் உண்டு.

டர்போ டீசல் காருக்கு வெளியில் இன்டர்கூலர் வாங்கி மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது இந்த டப்பாவில்தான். இன்டர்கூலர் குழாய் போக வழி வேண்டும், டப்பா குறுக்கே நிற்கிறது, கழற்றி வேறு எங்காவது வைத்துவிடலாம் என்று தோன்றும். பத்து நிமிட வேலை. ஆனால் அந்த டப்பா அங்கே வந்து உட்காருவதற்குள் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் கதை தெரியாமல் இடத்தை மாற்றுகிறவர்களின் இன்ஜின்தான் நடுரோட்டில் கொதிக்கிறது.

முதலில் டப்பாவும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. 1886ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், வழியில் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். இதை உருப்படியாகத் தீர்த்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1901ல் ஓடிய 35 குதிரைசக்தி மெர்சிடிஸ் காருக்கு அவர் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செய்தார். 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 8,070 சிறு குழாய்கள். அதுவரை 18 லிட்டர் சுமந்த இடத்தில் 9 லிட்டர் தண்ணீரே போதும் என்றாயிற்று. இன்றைக்கும் காரின் முகத்தில் ரேடியேட்டர் இருப்பது அவர் வைத்த இடத்தில்தான்.

இனி நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். கோயம்புத்தூரிலிருந்து சூலூர், பல்லடம் தாண்டிப் போகிற திருச்சி ரோட்டில் இருக்கிறது பொங்கலூர். 2009 வரை கோவை மாவட்டம், அதற்குப் பிறகு திருப்பூர் மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் வருவதற்கு முன் இந்தப் பக்கத்து விவசாயம் கிணற்றையும் வானத்தையும் நம்பித்தான் இருந்தது. அந்தக் கிணற்று மேட்டில் நின்ற ஆயில் இன்ஜினுக்குச் சூடு ஒரு பிரச்சனையே இல்லை. இறைக்கிற தண்ணீரிலேயே ஒரு சின்னக் குழாய் பிரித்து இன்ஜினுக்குள் விடுவார்கள். சூடேறி வெளியே வரும் தண்ணீர் வாய்க்காலோடு பயிருக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு பெரிய பீப்பாய் நிறையத் தண்ணீர் நிற்கும்.

ஓடுகிற வண்டிக்கு அந்த வசதி கிடையாது. சூலூர் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்த ஜி.டி. நாயுடு, 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் அதிலிருந்துதான் வளர்ந்தது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் தண்ணீரைச் சுற்றவைக்கப் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலே ஏறும், ஆறிய தண்ணீர் தானே கீழே இறங்கும், அவ்வளவுதான். ஃபோர்டு 'டி' மாடலே அப்படித்தான் ஓடியது. இதில் தண்ணீர் மட்டம் மேல் குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்று அறுந்துபோகும், இன்ஜின் கொதிக்கும்.

அதனால் பஸ்ஸிலும் லாரியிலும் ஒரு தகர டின் எப்போதும் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடி ஓடுவது கிளீனர் பையனின் வேலை. கோணிச் சாக்கை மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆவி கையைப் பதம் பார்த்துவிடும். நேர்மையாகப் பார்த்தால் நம்ம ஊரின் முதல் ரிசர்வ் டேங்க் அந்தத் தகர டின்தான். வண்டியோடு இணைக்கும் குழாய் மட்டும் அந்தப் பையனின் கையாக இருந்தது.

இன்டர்கூலரின் தாத்தாவும் நம்ம ரோட்டில் ஓடியிருக்கிறார்! இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சென்னை மாகாணத்தில் பஸ்களின் பின்னால் கரி அடுப்பு மாட்டினார்கள். கரி பஸ் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அடுப்பில் அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும், அதை இன்ஜினுக்கு எரிபொருளாகக் கொடுப்பார்கள். அந்த வாயு வரும்போதே கொதிக்கக் கொதிக்க வரும். சூடான வாயு விரிந்து இளைத்திருக்கும், ஒரு சிலிண்டருக்குள் கொஞ்சம்தான் அடங்கும். ஆகவே அடுப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தூசி வடிகட்டியோடு ஒரு குளிரூட்டியும் வைத்தார்கள். குளிர்ந்தால் அடர்த்தி கூடும், அடர்த்தி கூடினால் இழுவை கூடும். அப்படியும் பெட்ரோலில் கிடைத்த சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துதான் போனது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகள் வீட்டுக்கு வீடு உண்டு. தொழிற்சாலை கொடுக்காத ஒன்றை வண்டியில் மாட்டுவதற்காக மற்றவற்றை நகர்த்துகிற வேலையை நம்ம ஊர் பட்டறைகள் அப்போதே பழகிவிட்டன.

போருக்குப் பின் இரண்டு மாற்றங்கள் பரவின. ஒன்று, அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி. மூடி சுமார் 1 பார் அழுத்தம் வரை திறக்காது, அதனால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். இரண்டாவது, நம்ம கதாநாயகன் டப்பா. 1961ல் பிரான்சில் வந்த ரெனோ 4 காரில் குளிர்விக்கும் சுற்று முழுக்க மூடப்பட்டிருந்தது, விரிகிற தண்ணீருக்கென்று தனிக் கலம் இருந்தது. அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பதே அந்தக் காரின் ஒரு பெருமை. நம்ம அம்பாசடர்க்காரர்களோ அதற்குப் பிறகும் வெகுகாலம் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து சொம்பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

டப்பா வேலை செய்யும் விதம் அழகானது. சூட்டில் தண்ணீர் விரிந்து அழுத்தம் எல்லை மீறினால் மூடியிலுள்ள வால்வு திறந்து உபரியை டப்பாவுக்கு அனுப்பும். வண்டி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும், உடனே அதே மூடியிலுள்ள இன்னொரு சின்ன வால்வு திறந்து டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும். காமர்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: லாபம் வந்த வருடம் ரிசர்வுக்கு மாற்று, நஷ்டம் வந்தால் அங்கிருந்து எடு. கணக்கில் குறை வராது.

கோவையில் இந்த நகர்த்தல் வேலையை ஒரு கலையாகவே செய்தவர் எஸ். கரிவர்தன். 1980களின் இறுதியில் மாருதி 800ன் சின்ன இன்ஜினை எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்களை உருவாக்கினார். முன்னால் இருந்த இன்ஜின் பின்னால் போனால் தண்ணீர்ப் பாதை முழுவதையும் புதிதாகப் போட்டாக வேண்டும். அவர் 1995ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003ல் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான்.

இப்போது இன்டர்கூலர். வெளியேறும் புகையின் வேகத்தில் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் யோசனைக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905லேயே காப்புரிமை பெற்றார். சைக்கிள் பம்பில் காற்றடித்தால் பம்பு சுடுகிறதல்லவா? அதேதான் இங்கும். 30 டிகிரிக் காற்றை 1 பார் அளவுக்குக் கூடுதலாக அமுக்கினால் அது 100 டிகிரியைத் தாண்டிவிடும். அதை 60 டிகிரிக்குக் குளிரவைத்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடுதல் காற்று சிலிண்டருக்குள் அடங்கும். 1962ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் இன்டர்கூலர் கிடையாது. அதற்குப் பதிலாகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் காற்றோடு தெளித்தார்கள். அதற்கென்று தனி டப்பா. அதை நிரப்ப ஜனங்கள் மறந்துபோனார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்ட வேண்டியதாயிற்று. 1978ல் போர்ஷே தன் 911 டர்போவில் இன்டர்கூலர் வைத்தபோது அதற்கு இடம் கொடுக்கப் பின்பக்க இறக்கையின் வடிவத்தையே மாற்றியது. போர்ஷேவாக இருந்தாலும் எதையாவது நகர்த்தாமல் இன்டர்கூலர் உள்ளே நுழைவதில்லை.

நம்ம ரோட்டில் இந்தச் சொல்லைப் பரப்பியது டாடா இண்டிகோவின் பின்னால் ஒட்டியிருந்த 'டி.சி.ஐ.சி.' என்ற நான்கு எழுத்துகள். டர்போவும் இன்டர்கூலரும் சேர்ந்தது என்று அர்த்தம். இன்டர்கூலர் இல்லாத டர்போ வைத்திருந்தவர்களுக்கு ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

சிக்கல் எங்கே என்றால், முன்னால் மாட்டிய இன்டர்கூலர் தன் சூட்டைக் காற்றில் விடுகிறது. அந்தச் சூடான காற்றுதான் பின்னாலிருக்கும் ரேடியேட்டருக்குக் கிடைக்கிறது. இன்ஜினும் முன்னைவிட அதிகம் உழைக்கிறது. அதாவது தண்ணீருக்கு வேலை கூடுகிற அதே நாளில் அதன் டப்பாவை இடம் பெயர்க்கிறோம்.

டப்பாவில் இரண்டு சாதி உண்டு, இதைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ரேடியேட்டரில் அழுத்த மூடி இருந்து, டப்பாவுக்குச் சாதாரண மூடி இருந்தால் அது வெறும் உபரி டப்பா. கொஞ்சம் தாழ்ந்தும் இருக்கலாம், ஃபெண்டர் ஓரத்துக்கும் போகலாம். ஹோஸின் நுனி எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், கிளிப் தளர்ந்து காற்று புகக் கூடாது. புகுந்தால் வண்டி ஆறும்போது தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் மெல்லக் காலியாகும், ஓட்டுகிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

அழுத்த மூடி டப்பாவின் மேலேயே இருந்தால் அது வேறு சாதி. சுற்றில் சேரும் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதும் அதன் பொறுப்பு. குமிழி மேலேதான் ஏறும், ஆகவே இந்த டப்பா சுற்றிலேயே உயரமான இடத்தில் இருந்தாக வேண்டும். இதைத் தாழ்த்தினால் காற்று சிலிண்டர் ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். ஹெட் சூடேறி வளையும், கேஸ்கெட் போகும், கூலன்ட் ஆயிலில் கலக்கும். மிச்சம் பிடித்த பிராக்கெட் காசு எங்கே, ஹெட் வேலைக்கான பில் எங்கே! எந்தச் சாதியானாலும் டர்போவின் பக்கமும் புகைக் குழாயின் பக்கமும் பிளாஸ்டிக் டப்பாவை வைக்க முடியாது. தண்ணீர் மட்டம் காட்டும் சென்சார் ஒயர் இருந்தால் அதையும் நீட்ட வேண்டும். மாட்டி முடித்ததும் காற்றை முழுக்க வெளியேற்றி, ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி மட்டம் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்த பிறகு டீசல் கார்கள் குறைந்துவிட்டன, மிஞ்சியவற்றில் இன்டர்கூலர் தொழிற்சாலையிலேயே வந்துவிடுகிறது. திருச்சி ரோட்டில் மின்சாரக் கார்களும் ஓடுகின்றன. அவற்றின் பானெட்டைத் திறந்தால், பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்டுக்காக, அதே இரண்டு கோடு போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறது.